நிறுத்தாமல் படித்த வீடு

எங்கள் அம்மா கர்த்தருக்குள் கண் மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் அம்மாவை ஏதோ ஒரு விதத்தில் அறிந்தவர்கள். ஆலயத்தில் எல்லோருக்கும் முந்திப் பாட்டைத் தொடங்குகிறவர் என்று சிலருக்குத் தெரியும். பிடிவாதக்காரி என்று பலருக்குத் தெரியும். பெற்ற பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்தவள் என்று ஒரு காலத்தில் சொன்னவர்களும் இன்று வந்திருப்பார்கள். அவர்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. பந்தியில் உட்காரும்போது அவர்களுக்கே ஞாபகம் வரும்.

அம்மா பிறந்தது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலை தெரிகிற ஒரு சிற்றூர். அம்மாவின் தகப்பனார், எங்கள் அப்புச்சி, தென்னந்தோப்பில் காவல் இருந்தவர். தேங்காய் திருட வருகிறவனைக்கூட உட்கார வைத்து ஜெபம் பண்ணி அனுப்புவார் என்று ஊரில் கேலி உண்டு. மகளை மிஷன் விடுதியில் சேர்த்து எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அடுத்து ஆசிரியைப் பயிற்சிக்குப் போக அம்மா துணிமணிகளைக் கட்டி வைத்திருந்தாராம். அதற்குள் திருப்பூர் பனியன் கம்பெனியில் பின்னல் மிஷின் ஓட்டும் மாப்பிள்ளை வந்துவிட்டார். நல்ல பையன், குடிப்பழக்கம் இல்லை, ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவர். எழுதப் படிக்க மட்டும் தெரியாது. அப்படித்தான் எங்கள் அப்பாவுக்கு அம்மா வாழ்க்கைப்பட்டார்.

நொய்யல் ஆற்றுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. பக்கத்துக் காலி நிலத்தில் வெளுத்த துணியைக் காயப் போடுவார்கள். காற்றடித்தால் வீடெல்லாம் பிளீச்சிங் பவுடர் நெடி. அங்கேதான் நாங்கள் மூவரும் வளர்ந்தோம். அண்ணன் சாமுவேல், அடுத்து நான், கடைசியில் தம்பி தேவராஜ்.

அண்ணன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவருக்கு வலிப்பு வந்தது. கணக்குப் போட எழுந்தவர் கரும்பலகைக்கு முன்னால் விழுந்தார். அடுத்த வாரம் மறுபடியும் விழுந்தார். எச்சில் பட்டால் தொத்திக்கொள்ளும் என்று யாரோ கிளப்பிவிட, பெற்றோர்கள் பள்ளி வாசலில் கூடிவிட்டார்கள். தலைமையாசிரியர் அம்மாவை வரவழைத்தார்.

"பொண்ணும் சின்னவனும் வரட்டுமுங்க. பெரியவனை மட்டும் ஊட்டுல வெச்சுக்குங்க. எனக்கு வேற வழியில்லீங்க" என்றார்.

அம்மா அறையை விட்டு வெளியே வந்தார். நேராக என் வகுப்புக்கு வந்து என் கையைப் பிடித்தார். தம்பியின் வகுப்புக்குப் போய் அவன் கையையும் பிடித்தார். வாசலில் நின்ற தலைமையாசிரியரிடம், "ஒருத்தன் வேண்டாம்னா மூணு பேரும் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் நான்காம் வகுப்பில் முதல் மாணவி. அடுத்த வாரம் ஆண்டு விழாவில் எனக்குப் பரிசு தருவதாக இருந்தார்கள். பரிசு என்னவென்றுகூடத் தெரியாமல் போயிற்று. நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று தம்பி கேட்கிறான். எழுதத்தான் வேண்டும். அன்று அம்மாவின் மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல. பல ஆண்டுகள் அது அடுப்புச் சாம்பலுக்குள் நெருப்பு மாதிரி இருந்தது.

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஒரு மாடு நொண்டுனா மூணு மாட்டையும் கட்டுத்தரையில கட்டிப் போடுவாங்களா? உனக்குப் புத்தி இருக்குதா?"

"மாடா இருந்தா கட்ட மாட்டேனுங்க. புள்ளைங்க. அண்ணனை உட்டுட்டுப் போறதுக்கு இன்னைக்குப் பழகிட்டாங்கன்னா ஆயுசுக்கும் உட்டுட்டுத்தான் போவாங்க."

"அப்ப யாரு சொல்லிக் குடுக்கறது?"

"நானுங்க."

அப்பா செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கை கழுவினார். பிறகு உள்ளே வந்து தம் முடிவைச் சொன்னார். "ரெண்டு வருசம் பார்ப்பேன். அதுக்குள்ள ஏதாவதொரு பள்ளிக்கூடம் இவனை எடுத்துக்கோணும். இல்லாட்டி என்னோட கம்பெனிக்குக் கைமடி வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நாளைக்கு நாம இல்லாத காலத்துல இவனுக்குக் கையில ஒரு தொழில் வேணுமில்ல?"

தையல்காரருக்கு எதிரே உட்கார்ந்து துணியை இழுத்து மடித்துக் கொடுப்பதுதான் கைமடி வேலை. பையன்கள்தான் செய்வார்கள். அந்த நீள மேசைக்கு அடியில், உட்காருகிறவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே, மிஷின்களை ஓட்டுகிற இரும்புத் தண்டும் பெல்ட்டுகளும் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். வேட்டி நுனி மாட்டினாலே ஆளை இழுத்துவிடும். வலிப்பு வருகிற பையன் அங்கே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவர் தெரியாமல் சொல்லவில்லை. வேறு வழி தெரியாமல் சொன்னார். அந்த மேசை எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை, ஆனாலும் அந்த இரண்டு வருடமும் அது எங்கள் வீட்டுக்குள்தான் கிடந்தது.

மறுநாள் காலை பள்ளி தொடங்கியது. அப்பா வேலைக்குக் கிளம்பியதும் அம்மா பாயை விரிப்பார். ஜெபம், ஒரு பாட்டு, வேதப் புத்தகத்தில் ஆளுக்கொரு பத்தி. அதுவே எங்களுக்குத் தமிழ் வாசகம். பிறகு கணக்கு. அம்மா வீட்டிலிருந்தபடியே பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பார். கத்தரி ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் பாடம் நடத்தும். பனியனை டஜன் டஜனாகக் கட்டுவதால் பன்னிரண்டாம் வாய்ப்பாடு எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதின்மூன்றாம் வாய்ப்பாடுதான் அண்ணனுக்கு வரவே வராது. அப்பா கொண்டுவரும் தையல் சாக்குக் கட்டியால் சிமெண்டுத் தரையில் இந்தியா படம் வரைவோம். துணி மூட்டை வந்து இறங்கினால் மெட்ராஸ் மாகாணம் அழிந்துவிடும். ஒவ்வொரு பாடமும் 'ஆமென்' என்று முடியும். கணக்கும் அப்படித்தான்.

சோற்றுப் பானை பொங்கி வழியும். பிசிறு வெட்டின கட்டு போதாதென்று கம்பெனி ஆள் வாசலில் நின்று சத்தம் போடுவார். தம்பி ஓடிப்போய் வெளுத்த துணிமேல் கால் தடம் பதித்துவிட்டு வருவான். அதற்கு அம்மா போய்த் திட்டு வாங்கி வருவார். இவ்வளவுக்கும் நடுவில் வலிப்பு வரும்.

வலிப்பு வந்தால் அம்மா ஒரு முறை வைத்திருந்தார். பனியன் கட்டிங்கில் கழியும் துண்டுகளை அடைத்து ஒரு சின்னத் தலையணை தைத்திருந்தார். அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் அதை வைத்து, தோளைத் தொட்டுக்கொண்டு உட்காருவார். எங்களிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"நிறுத்தாதீங்க. படிங்க."

முதல் தடவை நான் அழுதுகொண்டே, "எப்படிம்மா படிக்கறது?" என்று கேட்டேன்.

"அவன் கண்ணு முழிக்கறப்ப நாம எல்லாரும் அவன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தம்னா பயந்துக்குவான் கண்ணு. பாடம் நடந்துட்டு இருந்தா, நடுவுல கொஞ்ச நேரம் தூங்கிட்டோம்னு நெனச்சுக்குவான். படி."

படித்தோம். குரல் நடுங்கும், எழுத்து கண்ணில் நீந்தும், ஆனாலும் படித்தோம். அண்ணன் ஒரு தூக்கம் தூங்கி விழித்து, கொஞ்ச நேரம் விழித்து விழித்துப் பார்த்துக் கிடந்துவிட்டு, பாடம் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே வந்து சேர்ந்துகொள்வார். விழுந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாங்கள் இப்படிப் படிப்பதை அப்பா பார்த்ததே கிடையாது, பகலில் அவர் கம்பெனியில் இருப்பார். அவர் இருக்கும் நேரத்தில் வந்தால், 'ஐயோ சாமி' என்று அலறிக்கொண்டு மகனை இறுக்கிக் கட்டிக்கொள்வார். அம்மா சொன்னால் கேட்கமாட்டார்.

சொந்தக்காரர்கள் விடவில்லை. ஒருவர் மந்திரிக்கச் சொன்னார். ஒருவர் பேயோட்ட வெள்ளகோவில் பக்கம் ஆள் இருப்பதாகச் சொன்னார். நம் ஆட்கள் மட்டும் என்ன குறைச்சல்? வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பிரசங்கியார் வீட்டுக்கு வந்து, பையனுக்குள் பிசாசு இருக்கிறது, உபவாசம் போட்டுத் துரத்த வேண்டும் என்றார்.

அம்மா கத்தரியைக் கீழே வைத்தார். "இவனுக்குள்ள பன்னெண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் இருக்குதுங்க ஐயா. பதிமூணுதான் நிக்க மாட்டேங்குது. அதுக்கு வேணும்னா ஜெபம் பண்ணுங்க."

பிரசங்கியார் காப்பி குடிக்காமல் போய்விட்டார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை அம்மா ஒரு வேளை தவறவிட்டதில்லை. ஜெபத்தையும் தவறவிட்டதில்லை. இரண்டுக்கும் சண்டை இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை.

இரண்டாவது வருடம் கோடையில் பயம் முற்றியது. அம்மா ஏறி இறங்கிய பள்ளிகள் கைவிரித்தன. கம்பெனியில் பேசிவிட்டதாக அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் வேலைக்குப் போட்டுப் போகப் புது அரைக்கால் சட்டைகூட வந்துவிட்டது. அதை அம்மா மடித்த மடிப்புக் கலையாமல் பெட்டிக்கு அடியில் வைத்தார். வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்கும்.

கடைசியாக ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், மூன்று பிள்ளைகளையும் கூட்டி வரும்படியும் தாமே சோதித்துப் பார்ப்பதாகவும் சொல்லி அனுப்பினார். அந்த வளாகத்திலேயே ஆரம்பப் பள்ளியும் இருந்தது. தலைமையாசிரியருக்கு நெற்றி நிறைய விபூதி. குரலைக் கேட்டாலே பையன்கள் தூணுக்குப் பின்னால் ஒளிவார்களாம். வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டு வந்தார்: "அவங்க கேக்காம நீ எதுவும் சொல்லாதே. சேர்த்ததுக்கு அப்பறம் பார்த்துக்கலாம்." அண்ணன் பயத்தில் காலையில் எதுவும் சாப்பிடவில்லை. அம்மா தலையணையை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

அறைக்குள் போய் நின்றதும் அம்மா சொல்லிவிட்டார்.

"ஐயா, பெரியவனுக்கு வலிப்பு வருமுங்க. சொல்லாம சேர்த்தா அது பொய்யுங்க."

அப்பா முகம் கறுத்துவிட்டது. வெளித் தாழ்வாரத்துக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். எங்கள் அம்மாவின் உண்மையை அந்த நிமிடம் நான் வெறுத்தேன்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"படிப்போமுங்க."

அவருக்குப் புரியவில்லை. சரி என்று சோதிக்கத் தொடங்கினார். தம்பியை ஆறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். அவன் கையைக் கட்டிக்கொண்டு கடகடவென்று சொல்லி, கடைசியில் கண்ணை மூடி 'ஆமென்' என்றான். ஜன்னலோரம் இருந்த இன்னொரு ஆசிரியர் சிரித்துவிட்டார். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை, ஆனால் மீசை அசைந்தது. என்னை வாசிக்கச் சொன்னார், தடங்கலில்லாமல் வாசித்தேன். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு, பார்ப்போம்."

உலகத்தில் எத்தனை வாய்ப்பாடு இருக்கிறது! அண்ணன் தொடங்கினார். நான்காவது வரியில் குரல் இழுத்தது. கண் மேலே போனது. எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் கீழே விழுமுன் அம்மா தாங்கிவிட்டார். ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையணையை வைத்தார். என்னைப் பார்த்தார்.

நான் ஐந்தாவது வரியிலிருந்து பிடித்துக்கொண்டேன். தம்பி சேர்ந்துகொண்டான். அறைக்குள் ஆட்கள் ஓடி வந்தார்கள். தண்ணீர் என்றார்கள், கை காலைப் பிடி என்றார்கள். காவல்காரர் சாவிக் கொத்தை நீட்டிக்கொண்டு வந்தார். "ஏய், நிறுத்துங்க! மனுசன் சாகக் கிடக்கறான், இதுங்க வாய்ப்பாடு சொல்லுதுங்க!" என்று ஒருவர் எங்கள் மேல் பாய்ந்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது தாழ்வாரத்திலிருந்து அப்பா உள்ளே வந்தார். வழக்கம்போல அலறப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அம்மா முகத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சாவிக் கொத்தை நீட்டிய கையைப் பிடித்து மெதுவாக விலக்கினார்.

"வேண்டாமுங்க. புள்ளைங்க படிக்கட்டுமுங்க."

சொல்லிவிட்டு மகனின் கால்மாட்டில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கத்தவில்லை. அறையில் எங்கள் இருவர் குரலைத் தவிர வேறு சத்தம் இல்லை. வாய்ப்பாடு முடிந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். எத்தனை சுற்று போனது என்று தெரியாது. அண்ணனின் உடம்பு அடங்கி, மூச்சு சீராகி, முகத்தில் நிறம் வந்தது. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதின்மூன்று எட்டு என்று தொடங்கி, நூற்றிரண்டு என்று தப்பாகச் சொல்லிவிட்டேன்.

"நூத்தி நாலு" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

கண்ணைக்கூட முழுதாகத் திறக்காமல் அண்ணன் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனார். வலிப்பு வந்தபின் எப்போதும் வரும் தூக்கம்தான். தலைமையாசிரியர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அண்ணன் எழுந்திருக்கும்வரை ஜன்னல் கதவைச் சாத்தி, வெயில் படாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எழுந்ததும் அம்மாவிடம் சொன்னார்:

"மூணு பேரையும் சேர்த்துக்கறேனுங்க. பையனும் பொண்ணும் ஒரே வகுப்புல இருக்கட்டும். அந்தத் தலவாணிய இங்கயே உட்டுட்டுப் போங்க."

தலையணை அவர் அறையில் அலமாரியில் இருந்தது. எதிர்ப்பு வராமல் இல்லை. தங்கள் பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. தலைமையாசிரியர் அசையவில்லை. அண்ணனுக்குக் காவலாகத்தான் என்னைச் சேர்த்தார்கள் என்ற குறை எனக்கு வெகுகாலம் இருந்தது. ஆனால் வகுப்பில் அண்ணன் விழும்போது முதலில் நான் மட்டும் படித்தேன். பிறகு என் பக்கத்துப் பெண் சேர்ந்துகொண்டாள். வருடம் முடிவதற்குள் வகுப்பு முழுதும் படித்தது. அன்றைக்கு என் கோபம் பாதி போய்விட்டது. மீதி, நானே ஆசிரியையாகி முதல் நாள் வகுப்பில் நின்றபோது போனது.

அந்தப் புது அரைக்கால் சட்டையை அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனார். இப்போது பனியன் கம்பெனியில்தான் வேலை செய்கிறார், அலுவலகத்தில், நாற்காலியில். வலிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. தம்பி சொந்தமாகத் தையல் மிஷின்கள் போட்டிருக்கிறான். பெல்ட்டுகளுக்கெல்லாம் மரப் பெட்டி அடித்து மூடச் சொன்னது அம்மாவின் உத்தரவு.

சென்ற ஆண்டு அம்மாவை வாதம் தாக்கியது. ஒரு பக்கமும் பேச்சும் போயின. கோயமுத்தூரில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் பள்ளி முடித்தபோது தலைமையாசிரியர் திருப்பிக் கொடுத்த அந்தத் தலையணையை நான் புது உறை போட்டு அம்மாவுக்கு வைத்தேன். நினைவு தப்பிய பிறகும் நாங்கள் மூவரும் மாறி மாறி வேதம் வாசித்தோம். கண் விழித்தால் எல்லோரும் தம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்காது அல்லவா?

ஒரு முற்பகல், அண்ணன் வாசித்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. அப்பாவோடு பிறந்த அத்தை நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "போயிட்டாங்க சாமி, நிறுத்து" என்றார். அண்ணன் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். நிறுத்த வேண்டாம் என்று அப்பா தலையசைத்தார். அண்ணன் அந்த அதிகாரத்தின் கடைசி வரி வரை வாசித்தார். நாங்கள் காத்திருந்தோம். இந்த முறை யாரும் நடுவில் வந்து சேர்ந்துகொள்ளவில்லை. 'ஆமென்' என்று தம்பிதான் சொன்னான். பிறகுதான் அழுதோம்.

அம்மாவின் கடைசி நாட்களில் வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த சபைச் சகோதரிகளுக்கும், துணி காயப் போடும் இடத்தில் பந்தல் போட விட்ட பக்கத்து வீட்டாருக்கும், இந்தத் தள்ளாத வயதில் தடியூன்றி வந்து அம்மாவின் தலைமாட்டில் நின்ற அந்தத் தலைமையாசிரியர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மாவைத் திட்டியவர்களுக்கும் நன்றி. அவர்கள் திட்டத் திட்டத்தான் அம்மாவுக்கு வைராக்கியம் ஏறியது.

அப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரால் இதை வாசிக்க முடியாது. இன்று ஜெபம் முடிந்ததும் அண்ணன் இந்தக் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டுவார். கேட்டு அப்பா அழக்கூடும். படிக்கிற அண்ணனும் நடுவில் தடுமாறக்கூடும். அப்போது உறவினர்களில் யாரும் இரக்கப்பட்டுப் புத்தகத்தை வாங்கி மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புள்ளைங்க படிக்கட்டுமுங்க.